இரண்டாவது வாசல்: அம்பாறைக் கரையும் பல்கலைக்கழகப் பதிவு விதிகளும்

சவளக்கடையைப் பூர்வீகமாகக் கொண்டு இப்போது கனடாவில் வாழும் வாசகர் ஒருவர் எனக்கு ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். அவருடைய தங்கையின் மகள் ஒலுவிலில் உள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றவர். மேலும் படித்து ஆய்வுப் பட்டம் பெற விரும்புகிறார். “முதல் பட்டத்துக்கு விண்ணப்பித்தபோது எங்கள் மாவட்டத்தைக் கணக்கில் எடுத்தார்கள். இப்போது யாருமே மாவட்டத்தைப் பற்றிக் கேட்பதில்லையே, ஏன்?” என்பதே அவருடைய கேள்வி.

பட்டப்பின் படிப்புகளுக்கு மாவட்ட ஒதுக்கீடு கிடையாது. ஒரு வரியில் பதில் இவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வரிக்குப் பின்னால் நூறாண்டு வரலாறு இருக்கிறது. இலங்கையின் பல்கலைக்கழக அனுமதியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் கொழும்பிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ பார்த்து எழுதுகிறார்கள். அதே வரலாற்றைக் கல்முனைக் கரையிலிருந்து பார்த்தால் வேறு விதமாகத் தெரிகிறது. அதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

சவளக்கடையை அறியாத வாசகர்களுக்காகச் சில சொற்கள். கல்முனையிலிருந்து மேற்கே, கிட்டங்கித் தாம்போதியைக் கடந்தால் வரும் ஊர் அது. நாவிதன்வெளிப் பிரதேசத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் வயல்கள். மாரியில் வெள்ளம் தாம்போதிக்கு மேலாகப் பாயும்போது கல்முனைக்கான அந்தப் பாதை தடைப்படும். கிழக்கே கடலோரமாகக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில் என்று ஊர்கள் வரிசையாக உள்ளன. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் கரை இது. இருவருக்கும் மொழி தமிழே.

இந்தக் கரையிலிருந்து உயர்கல்விக்கு முதலில் திறந்த வாசல் லண்டனில் இருந்தது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல், தன் வளாகத்துக்கு வராதவர்களும் பதிவு செய்து பரீட்சை எழுதலாம் என்று விதி வகுத்திருந்தது. அந்த விதி மாணவனின் ஊரைக் கேட்கவில்லை. பதிவுக் கட்டணத்தையும் பரீட்சையில் தேர்ச்சியையும் மட்டுமே கேட்டது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனன் என்ற இளைஞர் அந்த விதியைப் பயன்படுத்தி லண்டன் விஞ்ஞானப் பட்டதாரியானார். அவரே பின்னர் சுவாமி விபுலாநந்தர். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் அமர்ந்தவர் அவர். ஊரைக் கேட்காத விதிக்கு ஒரு நன்மை உண்டு என்பதற்கு அவர் சான்று. ஆனால் ஆங்கிலக் கல்வி கிட்டாத ஆயிரம் பிள்ளைகளுக்கு அதே விதி எந்த வகையிலும் உதவவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. அதன் மாணவர்களும் லண்டன் பட்டத்துக்கே படித்தார்கள். 1942இல்தான் ஐவர் ஜென்னிங்ஸை முதல் உபவேந்தராகக் கொண்டு இலங்கைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே 1942இல் கல்முனையில் இன்னொரு காரியம் நடந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காகப் போர்க்காலத்தில் அங்கே அரசாங்க உதவி அதிபராக அனுப்பப்பட்டார் ஏ. எம். ஏ. அஸீஸ். அவர் சிவில் சேவையில் சேர்ந்த முதல் இலங்கை முஸ்லிம். நெல் விளையும் நாட்டில் பிள்ளைகள் படிக்காமல் இருப்பதைக் கண்ட அவர், கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை அமைத்தார். காரைதீவு விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. அந்தச் சங்கத்தில் விளைந்த எண்ணமே 1945இல் நாடளாவிய இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியாக வளர்ந்தது. அதே 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டமும் நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கினாலும் புத்தகத்துக்கும் விடுதிக்கும் பயணத்துக்கும் பணம் வேண்டும் என்பதை அஸீஸ் அறிந்திருந்தார்.

புதிய பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் பதிவு என்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சிலரின் காரியமாக இருந்தது. அந்தச் சிலரில் ஒருவர் பாணந்துறையைச் சேர்ந்த எம். எம். உவைஸ். விபுலாநந்தர் காட்டிய ஊக்கத்தால் தமிழ் படிக்க வந்தவர். தமிழ் இலக்கியத்துக்கு முஸ்லிம்கள் ஆற்றிய தொண்டை முதுமாணிப் பட்டத்துக்காக ஆராய்ந்தார். அந்த ஆய்வு 1953இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பிற்காலத்தில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியரானார். ஒருவரின் பதிவுக்கு ஒரு துறை இடம் கொடுத்தது. அதனால் ஓர் இலக்கியப் பரப்பே கல்வி உலகின் கண்ணில் பட்டது. பட்டப்பின் பதிவைச் சிறிய நிருவாக விஷயம் என்று நினைப்பவர்கள் இந்த உதாரணத்தை நினைவில் கொள்ள வேண்டும்.

இனி, எல்லாரும் அறிந்த தரப்படுத்தலுக்கு வருவோம். 1960இல் கலைப்பாடங்களைச் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கத் தொடங்கியபின் பல்கலைக்கழகத்தை நோக்கி வந்த கூட்டம் பெருகியது. இடங்கள் அந்த அளவுக்குப் பெருகவில்லை. 1971ஆம் ஆண்டு அனுமதியில் மருத்துவத்துக்கு 400 புள்ளிகளில் சிங்கள மொழிமூல மாணவருக்கு 229உம் தமிழ் மொழிமூல மாணவருக்கு 250உம் தேவை என்று ஆயிற்று. இந்த 21 புள்ளி வேறுபாடு யாழ்ப்பாணத்து இளைஞர்களிடம் மூட்டிய தீயைப் பற்றி நூல்கள் பல உள்ளன. ஆனால் கல்முனை முஸ்லிம் மாணவனும் தமிழில்தான் பரீட்சை எழுதினான். அவனுக்கும் 250தான். யாழ்ப்பாணத்து ஆய்வுகூடங்களோ ஆசிரியர்களோ இல்லாத பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அவன் அந்தக் கூடுதல் 21 புள்ளிகளையும் சுமந்தான். இது அதிகம் பேசப்படுவதில்லை.

1973இல் மொழிமூலவாரியான தரப்படுத்தல் வந்தது. 1974இல் அதனோடு மாவட்ட ஒதுக்கீடும் சேர்ந்தது. அப்போது கல்வி அமைச்சர் பதியுத்தீன் மஹ்மூத். யாழ்ப்பாணத்தில் அவர் பெயர் கசந்தது. கல்முனையிலோ பெண்களுக்கான ஒரு கல்லூரி இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒரே காலத்து விதிகளை இரண்டு ஊர்கள் எப்படி உணர்ந்தன என்பதற்கு இந்தப் பெயர்ப்பலகை போதும். மொழியைப் பார்த்த விதி இரண்டு ஊர்களையும் தண்டித்தது. மாவட்டத்தைப் பார்த்த விதி ஒன்றிலிருந்து எடுத்து மற்றதற்குக் கொடுத்தது. இரண்டையும் ‘தரப்படுத்தல்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பதால்தான் தமிழ் பேசும் இரண்டு சமூகங்களும் இந்த விஷயத்தில் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளாமல் போயின என்பது என் கருத்து.

மாவட்டக் கணக்கிலும் ஒரு சிக்கல் இருந்தது. அம்பாறை மாவட்டம் 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டது. கரையோரத்துத் தமிழ் மொழிமூலப் பள்ளிகளும் உள்நாட்டுச் சிங்களப் பள்ளிகளும் அந்த ஒரே மாவட்டத்துக்குள் வந்தன. 2012 கணக்கெடுப்பின்படி அங்கே முஸ்லிம்கள் ஐந்தில் இரண்டு பங்குக்குச் சற்று மேல், சிங்களவர் அதற்குச் சற்றுக் கீழ், எஞ்சியோர் பெரும்பாலும் தமிழர். மூவரும் ஒரே ஒதுக்கீட்டுக்குப் போட்டியிடுகிறார்கள். மாவட்டத்துக்குள்ளும் கல்முனை நகரத்துப் பெரிய பள்ளிக்கும் சவளக்கடைப் பள்ளிக்கும் உள்ள தூரத்தை விதி அளப்பதில்லை.

1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் மானியங்கள் ஆணைக்குழுவை உருவாக்கி அனுமதிப் பொறுப்பை அதனிடம் கொடுத்தது. அக்காலத்து விகிதம் திறமைக்கு 30, மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 15. பல மாற்றங்களுக்குப் பின் அது 40, 55, 5 என்றாயிற்று. அந்த ஐந்து வீதத்தைப் பங்கிடும் 16 மாவட்டங்களில் அம்பாறையும் ஒன்று. யாழ்ப்பாணமும் இன்று அந்தப் பட்டியலில் இருக்கிறது! போர் ஒரு மாவட்டத்தை என்ன செய்யும் என்பதற்கு வேறு புள்ளிவிவரம் தேவையில்லை. இடையில் மாணவர்கள் மாவட்டம் மாறிப் பரீட்சை எழுதுவதைத் தடுக்க, முந்தைய மூன்று ஆண்டுகள் எங்கே படித்தார் என்று பார்க்கும் விதி வந்தது. 2001 முதல் இஸட் புள்ளி வந்தது. 2011ஆம் ஆண்டுப் பரீட்சையில் பழைய, புதிய பாடத்திட்டங்களை ஒன்றாகக் கணக்கிட்டுக் குழப்பம் நேர்ந்து, 2012இல் அதியுயர் நீதிமன்றம் அந்தக் கணக்கை ரத்துச் செய்தது. வெட்டுப்புள்ளி வெளியாகும் ஒவ்வோர் ஆண்டும் பத்திரிகை அலுவலகத்துத் தொலைபேசி ஓயாது ஒலித்ததை நான் கேட்டிருக்கிறேன். ஒரு புள்ளியின் நூறில் ஒரு பங்குக்காகக் குடும்பங்கள் அழுத நாள்கள் அவை.

நிற்க. விதிகள் மட்டுமே வாசலைத் திறப்பதில்லை. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டது. ஆகஸ்டில் காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் முஸ்லிம்கள் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் முஸ்லிம் மாணவர்களால் யாழ்ப்பாணத்துக்கோ வந்தாறுமூலைக்கோ போக முடியவில்லை. அந்த நெருக்கடியின் விளைவாக, அப்போதைய அமைச்சர் எம். எச். எம். அஷ்ரபின் முயற்சியால் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி அட்டாளைச்சேனையில் தொடங்கியது. 1996இல் முழுப் பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலுக்குச் சென்றது. பெண்பிள்ளைகளை வெளியூர் அனுப்பத் தயங்கிய பெற்றோர்கூட ஒலுவிலுக்கு அனுப்பினார்கள். முதல் வாசல் இப்படித்தான் அகலமாயிற்று.

இப்போது வாசகரின் கேள்விக்குத் திரும்பலாம். பட்டப்பின் பதிவுக்கான இன்றைய விதிகளுக்கு இலங்கைத் தகைமைகள் சட்டகம் அடிப்படை. 2012இல் வகுக்கப்பட்டு 2015இல் திருத்தப்பட்டது. பாடநெறியால் மட்டும் பெறும் முதுமாணி 9ஆம் நிலை, 30 திறமைப் புள்ளிகள். ஆய்வோடு கூடிய முதுமாணி 10ஆம் நிலை, 60 புள்ளிகள். முதுதத்துவமாணி 11ஆம் நிலை. கலாநிதிப் பட்டம் 12ஆம் நிலை. ஆய்வுப் பட்டத்துக்குப் பொதுவாகச் சிறப்புப் பட்டம் வேண்டும். ஆய்வு முன்மொழிவும், ஏற்றுக்கொள்ளும் மேற்பார்வையாளரும், பரிந்துரைக் கடிதங்களும் வேண்டும். பதிவை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே பணம் கட்டுவதற்குமுன் அந்தப் பெண் பார்க்க வேண்டியவை இரண்டு: தன் பட்டம் எந்த நிலையைச் சேர்ந்தது, தான் சேரவிருக்கும் முதுமாணி, பிற்பாடு கலாநிதிப் பதிவுக்குப் போதுமானதா. 9ஆம் நிலைக்கும் 10ஆம் நிலைக்கும் உள்ள வேறுபாட்டை அறியாமல் சேர்ந்து, பின்னர் வழி அடைபட்டு நிற்போர் உண்டு.

விதிகளில் அநீதி எதுவும் எழுதப்படவில்லை. எல்லாருக்கும் ஒரே தகைமை, ஒரே கட்டணம். ஆனால் இலவசக் கல்வி பெரும்பாலும் முதல் பட்டத்தோடு நின்றுவிடுகிறது. முதுமாணிக்குக் கட்டணம் உண்டு. வார இறுதி வகுப்பு கொழும்பிலோ பேராதனையிலோ நடந்தால், அம்பாறைக் கரையிலிருந்து போகிறவர் இரவு முழுவதும் பஸ்ஸில் இருக்க வேண்டும். பகல் முழுவதும் பள்ளியில் கற்பித்து, வீட்டில் குழந்தைகளையும் விட்டுச் செல்லும் ஆசிரியைக்கு அந்தப் பயணமே முதல் பரீட்சை. தமிழில் ஆய்வேடு எழுத எல்லாத் துறைகளிலும் இடம் இல்லை. மருத்துவத்தில் நிலைமை இன்னும் தெளிவு. மாவட்ட ஒதுக்கீட்டில் மருத்துவரானவர், விசேட நிபுணராவதற்குக் கொழும்பின் பட்டப்பின் படிப்பு மருத்துவ நிறுவகத்தின் பரீட்சையில் நாடு முழுவதோடும் ஆங்கிலத்தில் போட்டியிட வேண்டும்.

கல்முனைக்குடியில் பிறந்த எம். ஏ. நுஃமான் யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் கற்பித்த மொழியியல் அறிஞர். அவர் கலாநிதிப் பட்டத்துக்குக் கடல் கடந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் பதிவு செய்தார். சவளக்கடைக்குப் பக்கத்தில் அன்னமலை என்றே ஓர் ஊர் உண்டு. ஆனால் கலாநிதிப் பட்டம் கிடைக்கும் அண்ணாமலை சிதம்பரத்தில்தான் இருந்தது.

பட்டப்பின் படிப்புக்கும் மாவட்ட ஒதுக்கீடு வேண்டும் என்று நான் கேட்க மாட்டேன். ஆய்வு தரத்தால் மட்டுமே அளக்கப்பட வேண்டியது. ஆனால் தரத்தைக் குறைக்காமலே செய்யக்கூடியவை உண்டு. பின்தங்கிய 16 மாவட்டங்களின் பட்டதாரிகளுக்குக் கட்டணச் சலுகையோ உதவித்தொகையோ கொடுக்கலாம். பேராதனையில் பதிவு செய்தவர் ஒலுவிலில் உள்ள இணை மேற்பார்வையாளரிடம் வேலை செய்ய எளிதாக இடமளிக்கலாம். சமூக அறிவியலிலும் மானிடவியலிலும் தமிழில் ஆய்வேடு எழுதும் உரிமையை விரிவாக்கலாம். ஒலுவிலில் ஏற்கெனவே நடக்கும் முதுமாணி நெறிகளைத் தாண்டி, ஆய்வுப் பட்டங்களுக்கு வேண்டிய நூலகத்தையும் ஆள்பலத்தையும் வளர்க்கலாம்.

அஸீஸின் கல்விச் சங்கம் செய்த வேலையை இன்று புலம்பெயர்ந்தோர் செய்யலாம். பள்ளிவாசலுக்கும் கோயிலுக்கும் தாராளமாகக் கொடுக்கும் நம்மவர்கள், ஒரு மாணவியின் இரண்டாண்டுப் பதிவுக் கட்டணத்தைப் பற்றி அரிதாகவே நினைக்கிறார்கள். தாய்வழிக் குடி முறை, வயல்கள், 1990இன் காயங்கள் என்று இந்தக் கரையைப் பற்றி எழுதப்பட வேண்டிய ஆய்வேடுகள் பல உள்ளன. அவற்றை வெளியூரார் எழுதி நாம் படிப்பதைவிட, சவளக்கடைப் பெண் எழுதுவது நல்லது. கனடா வாசகருக்கு என் பதில் இதுதான்: மருமகளின் முதலாண்டுக் கட்டணத்தை நீங்கள் கட்டுங்கள், இரண்டாம் ஆண்டுக்கு இன்னொரு ஊரவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.