போதையும் டேப்பும்: பீட்டில்ஸ் குழுவின் சைக்கடெலிக் திருப்பம்

1965 டிசம்பரில் 'ரப்பர் சோல்' ஆல்பம் வந்தபோது, பீட்டில்ஸ் நால்வரும் ஒன்றாக நின்று வாசித்துப் பாடும் குழுவாகவே காதில் விழுந்தனர். 1966 ஆகஸ்டில் 'ரிவால்வர்' வெளிவந்தது. அதில் கிதார் பின்னோக்கி ஓடியது. குரல் எங்கோ தொலைவில் சுழன்றது. இடைவெளி எட்டே மாதம். இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் எல்.எஸ்.டி. 1965-இல் ஒரு விருந்தில் ஜான் லெனனுக்கும் ஜார்ஜ் ஹாரிசனுக்கும் காபியில் அதைக் கலந்து கொடுத்தார்கள். இசையும் அதோடு மாறிவிட்டது என்பது பரவலான விளக்கம்.

இந்த விளக்கம் பாதி வழிதான் போகிறது. போதை அவர்களுக்குப் பாடுபொருளைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒலி மாறியதற்குக் காரணம், ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை நடந்த முறை மாறியதுதான்.

'ரிவால்வர்' ஆல்பத்துக்காக முதலில் பதிவான 'டுமாரோ நெவர் நோஸ்' பாடலே இதற்குத் தக்க சான்று. 1966 ஏப்ரல் 6 அன்று லண்டன் அபே ரோட்டில் இருந்த இ.எம்.ஐ. கூடத்தில் வேலை தொடங்கியது. பொறுப்பில் இருந்த ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்குக்கு வயது 20. பீட்டில்ஸ் பதிவில் அந்த இருக்கையில் அவர் அமர்ந்தது அதுவே முதல் முறை. டிரம்ஸுக்கு வெகு அருகில் மைக் வைக்கக் கூடாது என்பது கூடத்தின் விதி. எமெரிக் பேஸ் டிரம்முக்குள் ஒரு கம்பளி ஸ்வெட்டரைத் திணித்து, மைக்கை நெருக்கிக் கொண்டுபோய் வைத்தார். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோலத் தன் குரல் கேட்க வேண்டும் என்று லெனன் கேட்டார். ஹாமண்ட் ஆர்கனோடு சேர்த்துப் பயன்படும் லெஸ்லி சுழல் ஒலிபெருக்கி வழியாக அவர் குரலை அனுப்பி, அதை மீண்டும் பதிவு செய்தார் எமெரிக்.

மறுநாள் நடந்தது இன்னும் விசித்திரம். சின்னச் சின்ன டேப் துண்டுகளை வளையமாக ஒட்டி, கட்டடத்தின் வெவ்வேறு அறைகளில் இருந்த இயந்திரங்களில் ஓடவிட்டார்கள். வளையம் தொய்ந்துவிடாமல் ஊழியர்கள் பென்சிலில் மாட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எல்லா ஒலிகளும் ஒரே ஒலிக்கலவை மேசைக்கு வந்தன. அங்கே கைகள் அவற்றை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கின. கடற்பறவைக் கூச்சலாகக் கேட்பது, வேகம் கூட்டிய பால் மெக்கார்ட்னியின் சிரிப்பு. அந்தக் கலவையைத் திரும்ப ஒருமுறை அப்படியே செய்துவிட முடியாது.

அந்த வளையங்களைச் செய்து கொண்டுவந்தவரும் மெக்கார்ட்னிதான். நால்வரில் எல்.எஸ்.டி.யைக் கடைசியாகத் தொட்டவர் அவர். வளைய யோசனை அவருக்குப் போதையிலிருந்து வரவில்லை. ஸ்டாக்ஹவுசன் போன்றோரின் மின்னணு இசையைக் கேட்டதிலிருந்து வந்தது. பாடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே ஆதார சுருதியில் நிற்பதற்கு வேர், ஹாரிசன் ஆழ்ந்து போயிருந்த இந்துஸ்தானி இசை.

கலிஃபோர்னியாவின் கிரேட்ஃபுல் டெட் குழுவோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். எல்.எஸ்.டி. தாராளமாகப் புழங்கிய 'ஆசிட் டெஸ்ட்' கூடுகைகளில் 1965-66 காலத்தில் வாசித்து வளர்ந்த குழு அது. போதைதான் ஒலியைத் தீர்மானிக்கிறது என்றால், இவர்களுடைய முதல் ஆல்பம் பீட்டில்ஸை மிஞ்சியிருக்க வேண்டும். 1967 மார்ச்சில் வந்த அந்த ஆல்பமோ, சில நாட்களில் பதிவு செய்த, வேகமான ப்ளூஸ், நாட்டுப்பாடல் தொகுப்பாகவே பெரிதும் இருந்தது. அவர்களுடைய சைக்கடெலிக் இசை மேடையில், மணிக்கணக்கான மனோதர்ம வாசிப்பில் இருந்தது. மருந்து ஒன்றே, உழைத்த களம் வேறு, விளைந்த ஒலியும் வேறு.

இதற்கு மறுப்பாகச் சொல்லத்தக்கது ஒன்றுண்டு. 'டுமாரோ நெவர் நோஸ்' வரிகளுக்கு மூலம், திமத்தி லியரியும் கூட்டாளிகளும் 1964-இல் வெளியிட்ட எல்.எஸ்.டி. வழிகாட்டி நூல். போதை இல்லாவிட்டால் லெனன் அப்படியொரு குரலைக் கேட்டிருக்கவே மாட்டார். உண்மைதான். ஆனால் கேட்பது ஒன்று, கிடைக்கச் செய்வது வேறு. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் எமெரிக்கும் இல்லையென்றால் அந்த விருப்பம் வாய்வார்த்தையாகவே நின்றிருக்கும்.

மேடையை விட்டதால்தான் ஒலி மாறியது என்பாரும் உண்டு. காலவரிசை இதற்கு இடம் தரவில்லை. 'ரிவால்வர்' பதிவு 1966 ஜூனிலேயே முடிந்துவிட்டது. கடைசி இசைப்பயண நிகழ்ச்சி சான் பிரான்சிஸ்கோவில் ஆகஸ்ட் 29 அன்று நடந்தது. அந்தப் பயணத்தில் 'ரிவால்வர்' பாடல் ஒன்றைக்கூட அவர்கள் மேடையில் பாடவில்லை. மேடைக்கும் கூடத்துக்கும் இடையிலான பிளவு, பயணம் நிற்பதற்கு முன்பே விழுந்துவிட்டிருந்தது.

அதே ஆண்டு நவம்பரில் பதிவு தொடங்கிய 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' இந்த வாதத்தை இன்னும் உறுதிப்படுத்துகிறது. ஒரு பதிவின் தொடக்கமும் இன்னொன்றின் முடிவும் லெனனுக்குப் பிடித்திருந்தன. இரண்டும் வேறு வேறு சுருதி, வேறு வேறு வேகம். ஒன்றைச் சற்றே வேகம் கூட்டி, மற்றதைக் குறைத்து, பாடலின் முதல் நிமிட அளவில் மார்ட்டினும் எமெரிக்கும் ஒட்டினார்கள். ஒட்டுக்குப் பிறகு லெனனின் குரல் கனத்து, மயக்கத்தில் தோய்ந்ததுபோல் ஒலிக்கிறது. கேட்பவர் போதை என்று எடுத்துக்கொள்ளும் அந்தக் கனம், டேப்பின் வேகத்தைக் குறைத்ததால் வந்தது.