குன்றத்தூர்: ஊரா, நகரமா?

குன்றத்தூர் என்றதும் பலருக்கு முருகன் மலை ஞாபகம் வரும். தமிழ் படித்தவர்களுக்குச் சேக்கிழார். ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு வாடகை வீடு தேடுகிற இடம். எனக்கு என்னவோ அந்தப் பெயரின் கடைசியில் இருக்கும் 'ஊர்' மேல்தான் கண்.

சோழர் கல்வெட்டுகளில் ஊர் என்பது இடம் மட்டுமல்ல. அங்கே நிலம் வைத்திருந்தவர்கள் கூடிய அவைக்கும் அதே பெயர்தான். பிரமதேயத்தில் கூடியது சபை. வணிகர்கள் கூடியது நகரம்.

தொண்டை மண்டலத்தின் 24 கோட்டங்களில் ஒன்றான புலியூர்க் கோட்டத்தைச் சேர்ந்தது குன்றத்தூர். பெரியபுராணம் பாடிய சேக்கிழார், 12ஆம் நூற்றாண்டில் அநபாய சோழனிடம் அமைச்சராக இருந்தவர். கும்பகோணம் பக்கத்துத் திருநாகேச்சரத்தின் மேல் அவருக்கு அப்படி ஒரு பிடிப்பு. அதே பெயரில் சொந்த ஊரிலும் கோயில் கட்டினார் என்பது மரபு. அதுதான் இன்றைய வடதிருநாகேச்சரம். அரசவையில் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் மனுஷனுக்கு ஊர் ஊர்தான்!

அந்தக் கால ஊராட்சி என்றால் உடனே உத்திரமேரூர்க் குடவோலையைச் சொல்லிப் பெருமைப்படுவோம். அதுவும் இதே காஞ்சிபுரம் மாவட்டம்தான். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் அவை. கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை என்ற விதி இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் வாரியத்துக்குப் பெயர் எழுத வேண்டுமென்றால் கால்வேலிக்கு மேல் வரி கட்டுகிற நிலமும் சொந்த மனையில் வீடும் வேண்டும். உழுதவனுக்கு அங்கே இடமில்லை. பெருமையோடு இதையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

இப்போதைய கதைக்கு வருவோம். பேரூராட்சியாக இருந்த குன்றத்தூர் 2021இல் நகராட்சி ஆனது. 2022 பிப்ரவரியில் நகராட்சித் தேர்தலும் நடந்தது. சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் கிராம சபை கூடும். வாக்காளர் யாரும் எழுந்து கேள்வி கேட்கலாம். பேரூராட்சி, நகராட்சிக்காரர்களுக்கு அது கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் 2022இல் வார்டு குழு, பகுதி சபை விதிகள் வந்தன. அந்த ஆண்டு நவம்பர் 1ஆம் தேதி பக்கத்துப் பம்மலில் நடந்த பகுதி சபைக்கு முதல்வரே வந்தார்.

நல்ல விஷயம்தான். ஆனால் பகுதி சபையில் உட்கார, அந்தப் பகுதி வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். இங்கே வாடகைக்கு இருக்கிற கம்பெனித் தொழிலாளிகள் பலரின் ஓட்டு திருநெல்வேலியிலோ பீகாரிலோ இருக்கிறது. குடிக்கிற தண்ணீர், நடக்கிற தெரு, கொட்டுகிற குப்பை எல்லாம் குன்றத்தூரில்.

அன்றைக்குக் கால்வேலி நிலம், இன்றைக்கு வாக்காளர் பட்டியல். பட்டியலில் பெயர் சேர்ப்பது நிலம் வாங்குவது போலக் கஷ்டமில்லை, ஒரு விண்ணப்பம் போதும். வீட்டை வாடகைக்கு விடுகிறவர்கள் குடிவந்தவர்களிடம் இதைச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது. ஊர் மறுபடி ஊராக அது ஒரு தொடக்கம்.