கட்டைவிரல் களவு

1858 ஜூலை மாதம். வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்து ஜங்கிப்பூரில், 25 வயது ஆங்கில அதிகாரி ஒருவர் சாலை போடுவதற்குச் சரளை வாங்க ஒப்பந்தம் பேசிக்கொண்டிருந்தார். 2,000 மணங்கு சரளை. கொண்டுவந்து தர ஒப்புக்கொண்டவர் நிஸ்தா கிராமத்து ராஜ்யதர் கோனாய். ஒப்பந்தத்தைத் தம் கையாலேயே எழுதி முடித்த கோனாய், வழக்கம்போல் மேல்மூலையில் கையெழுத்துப் போடப் போனார். அதிகாரி தடுத்தார். நாளைக்கே ‘இது என் கையெழுத்து இல்லை’ என்று இந்த ஆள் சொல்லிவிட்டால்? அலுவலக முத்திரைக்கு வைத்திருந்த எண்ணெய் மையைக் கோனாயின் உள்ளங்கையில் தடவி, பத்திரத்தின் பின்பக்கம் அழுத்தி எடுத்தார். பிறகு தம் கையையும் பதித்து, இருவருமாக இரண்டு ரேகைகளையும் வைத்துப் பார்த்து, ஜோசியம் பேசிச் சிரித்தார்கள் என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார்.

அந்த அதிகாரி வில்லியம் ஹெர்ஷல். யுரேனஸ் கோளைக் கண்டுபிடித்த வானியலாளரின் பேரன். விரல் ரேகை உலகத்துக்குப் புதிதல்ல. சீனத்தில் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே களிமண் முத்திரையில் விரல் பதித்தார்கள். ஆனால் அரசு நிர்வாகம் மனிதனின் கையை அவனுக்கு எதிரான ஆதாரமாக எடுத்து வைத்துக்கொள்ளும் பழக்கத்தின் நேர்க்கோடு ஜங்கிப்பூரிலிருந்துதான் புறப்படுகிறது. கோனாயை மிரட்டி வைப்பதே அன்றைய நோக்கம். ரேகை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதோ, வயதானாலும் மாறாது என்பதோ ஹெர்ஷலுக்கு அப்போது தெரியாது.

அந்தக் காலத்து வங்காளத்தில் ஆள்மாறாட்டம் அன்றாடச் சங்கதி. 1860இல் இயற்றப்பட்ட இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 416ஆம் பிரிவு இதற்கென்றே எழுதப்பட்டது. அதில் சொல்லப்பட்ட உதாரணங்கள் இரண்டு. ஒன்று, தன் பெயரையே கொண்ட ஒரு பணக்கார வங்கிக்காரராக நடிப்பவன். மற்றது, செத்துப்போன ஒருவனாக நடிப்பவன். செத்தவர்கள் திரும்பி வருவது வங்காளத்தில் கதையாக மட்டும் இருக்கவில்லை. 1821இல் இறந்ததாகச் சொல்லப்பட்ட பர்த்வான் இளவரசர் பிரதாப்சந்த் நானே என்று பல ஆண்டுகள் கழித்து ஒருவர் வந்து நின்றார். 1838இல் ஹூக்ளி நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. பார்த்தவர்களும் பழகியவர்களும் நினைவிலிருந்து சாட்சி சொன்னார்கள். கடைசியில் அவர் போலி என்று முடிவாயிற்று. ஓர் ஆளை இன்னார் என்று நிரூபிக்க, அவரை அறிந்தவர்களின் ஞாபகத்தைவிட உறுதியான எதுவும் அன்றைய நீதிமன்றத்திடம் இல்லை.

1860இல் ஹெர்ஷல் நதியா மாவட்டத்துக்குப் போனபோது அங்கே நீலச்சாகுபடிக் கலவரம். தோட்ட முதலாளிகளும் குடியானவர்களும் ஒருவர்மேல் ஒருவர் போலிப் பத்திரப் புகார் சொன்னார்கள். விரல் ரேகை வைத்தால் இந்தச் சண்டை தீரும் என்று அவர் யோசனை சொன்னார். அரசு காதில் போட்டுக்கொள்ளவில்லை.

17 ஆண்டுகள் கழித்து, 1877இல், அவரே ஹூக்ளியின் மாஜிஸ்திரேட்டாகவும் கலெக்டராகவும் வந்தார். இப்போது யாரையும் கேட்க வேண்டியதில்லை. மூன்று இடங்களில் ரேகையைப் புகுத்தினார். முதலாவது, பென்ஷன். கிழவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவர் பெயரில் யாரோ வந்து பணம் வாங்கிக்கொண்டிருந்தது அதோடு நின்றது. இரண்டாவது, சிறை. தண்டனை பெற்றவனுக்குப் பதிலாகக் கூலிக்கு ஒருவன் போய் அடைபட்டுக் கிடப்பதைத் தடுக்க, சிறை உத்தரவிலேயே கைதியின் ரேகையைப் பதிக்கச் சொன்னார். மூன்றாவது, பத்திரப் பதிவு அலுவலகம். எழுதிக் கொடுத்தவர் பத்திரத்திலும் விரல் வைக்க வேண்டும், அலுவலகப் பதிவேட்டிலும் வைக்க வேண்டும். பின்னால் தகராறு வந்தால் ஆளைக் கூப்பிட்டு, இன்னொரு முறை விரல் வைக்கச் சொல்லி, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

இந்த மூன்றாவது ஏற்பாட்டில் சற்று நின்று பார்க்க வேண்டிய விஷயம் இருக்கிறது. அங்கே ரேகை தனியாக எதையும் சாதிக்கவில்லை. ஆள் நேரில் வர வேண்டும், அதிகாரி கண்முன்னே விரல் வைக்க வேண்டும், சந்தேகம் வந்தால் இன்னொரு மனிதர் ஒப்பிட வேண்டும். ரேகை அங்கே ஒரு சாட்சி. சாட்சியை ஒளித்து வைக்க அவசியமில்லை. பத்திரத்தில் எல்லோரும் பார்க்கும்படி அது இருந்ததுதான் அதன் பலம்.

1877 ஆகஸ்டில், இந்த முறையை மற்ற இடங்களுக்கும் கொண்டுபோகலாமே என்று சிறைத்துறைக்கும் பதிவுத்துறைக்கும் ஹெர்ஷல் கடிதம் எழுதினார். பலனில்லை. அடுத்த ஆண்டு அவர் ஊர் திரும்பியதும் ஹூக்ளியிலும் பழக்கம் விட்டுப்போனது. ஆனால் தம் விரல்களை மட்டும் அவர் விடவில்லை. 1859இல் எடுத்த ரேகையை மறுபடி மறுபடி எடுத்து, 1916 வரை, 57 ஆண்டுகள் அது மாறவில்லை என்று காட்டினார்.

இதற்கிடையே 1880இல், டோக்கியோவில் மருத்துவராக இருந்த ஸ்காட்லாந்துக்காரர் ஹென்றி ஃபால்ட்ஸ், குற்றவாளிகளைப் பிடிக்க விரல் தடம் உதவும் என்று ‘நேச்சர்’ இதழில் எழுதினார். அடுத்த மாதமே அதே இதழில், நான் இதை முன்பே செய்தேன் என்று ஹெர்ஷல் எழுதினார். முதலில் யார் என்ற சண்டை இருவர் காலம் முடியும்வரை ஓயவில்லை. ஆனால் விரல் ரேகையை ஓர் அலுவலகம் தினமும் பயன்படுத்தும்படி ஆக்கியவர்கள் இவர்கள் இருவருமே இல்லை.

ரேகைகளை எடுத்துக் குவிப்பது எளிது. குவியலில் தேடுவது எப்படி? பத்தாயிரம் தாள்கள் இருக்கின்றன. பிடிபட்டவன் பொய்ப் பெயர் சொல்கிறான். அவனுடைய பழைய தாள் எங்கே? கல்கத்தாவில் வங்காளப் போலீஸ் தலைவர் எட்வர்ட் ஹென்றியின் கீழ் வேலை பார்த்த அஜிஸுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு சப்-இன்ஸ்பெக்டர்கள் இதற்கு விடை கண்டார்கள். பத்து விரல்களை ஐந்து ஜோடிகளாக்கினார்கள். சுழி உள்ள விரலுக்கு ஜோடிவாரியாக 16, 8, 4, 2, 1 என்று மதிப்பு. சுழி இல்லாவிட்டால் பூஜ்யம். ஜோடியின் ஒரு விரலுக்குரிய மதிப்புகள் மேலே, மற்றதற்குரியவை கீழே. இரண்டு கூட்டுத்தொகைகளோடும் 1 சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். மொத்தம் 32 பெருக்கல் 32, அதாவது 1,024 அறைகள். எந்த ஆளின் தாளும் இவற்றில் ஒன்றில்தான் இருக்க முடியும். பெயரைக் கேட்கவே வேண்டியதில்லை. விரலைப் பார்த்து நேராக அந்த அறைக்குப் போகலாம்.

1897இல் கல்கத்தாவில், உலகின் முதல் விரல் ரேகைப் பிரிவுகளில் ஒன்று தொடங்கியது. 1899இல் ரேகை நிபுணரின் கருத்தை ஏற்கும்படி சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டது. 1901இல் லண்டன் ஸ்காட்லாந்து யார்டும் இதே முறையை எடுத்துக்கொண்டது. உலகம் அதற்கு வைத்த பெயர் ‘ஹென்றி முறை’. கணக்குப் போட்டவர்களுக்குக் கான் பகதூர், ராய் பகதூர் பட்டங்கள் கிடைத்தன. முறைக்கு அவர்கள் பெயர் கிடைக்கவில்லை. இந்தியப் பாடப்புத்தகங்களாவது ஹக்கையும் போஸையும் பெயர் சொல்லி நினைக்க வேண்டும்.

அடையாளம் காட்ட வந்த ரேகை, அவமானம் செய்யவும் பயன்பட்டது. தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் 1906 முதல் இந்தியர்களைப் பதிவு செய்யச் சட்டம் கொண்டுவந்து, பத்து விரல் ரேகையும் தரச் சொன்னார்கள். காந்தி தலைமையில் நடந்த எதிர்ப்பில் தமிழர்கள் பெரும் எண்ணிக்கையில் சிறை சென்றார்கள். 1908 பிப்ரவரியில், விருப்பப் பதிவாக இருந்தால் ரேகை தரலாம் என்று டிரான்ஸ்வால் அமைச்சர் ஸ்மட்ஸோடு உடன்பாடு செய்துகொண்டு பதிவு அலுவலகத்துக்கு நடந்த காந்தியை, அதை ஏற்காத இந்தியர் சிலரே வழியில் அடித்து வீழ்த்தினார்கள். கூட இருந்த போராட்டத் தோழர் தம்பி நாயுடுவும் அடிபட்டார். ரேகை கொடுப்பதா வேண்டாமா என்பதைவிட, யார் கேட்கிறார்கள், எதற்குக் கேட்கிறார்கள் என்பதே அங்கே கேள்வியாக இருந்தது. அந்தக் கேள்வி இன்றைக்கும் அப்படியே இருக்கிறது.

ஹூக்ளியில் விட்டுப்போன பழக்கம் இந்தியப் பதிவு அலுவலகங்களில் பிற்பாடு நிலைபெற்றது. 2001இல் பதிவுச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 32ஏ பிரிவு, பத்திரத்தில் புகைப்படத்தோடு விரல் ரேகையும் வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் மனையோ வீடோ வாங்கியவர்களுக்கு அந்தக் காட்சி நன்றாகத் தெரியும்: சார்பதிவாளர் முன் பெயர் கூப்பிட, மைப்பெட்டியில் இடது கட்டைவிரலை உருட்டி வைத்து, துணியில் துடைத்துக்கொண்டே அடுத்த மேசைக்கு நகர்வது. பிறகு காகிதங்களைக் கணினியில் ஏற்றினார்கள். பல மாநிலங்களில் பத்திரத்தின் நகல் இணையத்தில் கிடைக்கும்படி ஆனது. வில்லங்கம் பார்க்க இது பெரிய வசதி. நகலில் ரேகையும் தெளிவாகத் தெரிந்தது.

அதே சமயம் விரலுக்கு வேறொரு வேலை கொடுக்கப்பட்டது. 2010 செப்டம்பரில் மகாராஷ்டிரத்தின் டெம்ப்ளி கிராமத்தில் முதல் ஆதார் எண் வழங்கப்பட்டது. அதன்மேல் எழுந்த வசதிகளில் ஒன்று, ஏஇபிஎஸ் என்று வங்கித் துறையினர் சொல்லும் ஆதார் வழிப் பணப் பரிமாற்றம். வங்கிக் கிளை இல்லாத ஊரில் ஒரு மளிகைக் கடையில் சின்ன இயந்திரம் இருக்கும். வங்கியின் பெயர், ஆதார் எண், ஒரு விரல், பணம் கையில். கார்டு வேண்டாம், ரகசிய எண் வேண்டாம், ஓடிபி வேண்டாம். நூறு நாள் வேலைச் சம்பளத்துக்கும் முதியோர் உதவித்தொகைக்கும் டவுன் வரை பஸ் ஏறிப் போனவர்களுக்கு இது உண்மையான உதவி. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை. ஆனால் இங்கே ரேகை சாட்சி அல்ல, சாவி. சாவியின் அச்சோ ஊர் அறியத் தொங்கிக்கொண்டிருந்தது.

விரலைப் போலி செய்யலாம் என்பது விஞ்ஞானிகளுக்கு முன்பே தெரியும். 2002இல் யோகோஹாமா தேசியப் பல்கலைக்கழகத்தின் சுடோமு மட்சுமோட்டோ குழு, சமையல் ஜெலட்டினில் செய்த விரலை வைத்துக் கடைகளில் விற்ற 11 கருவிகளை ஏமாற்றிக் காட்டியது. 2018இல் தெலங்கானாவில் சிம் கார்டு விற்பனையாளர் ஒருவர் கைதானார். பதிவுத்துறை இணையதளத்திலிருந்த பத்திரங்களின் ரேகைகளை ரப்பர் ஸ்டாம்பாகச் செய்து, பிறர் பெயரில் ஆயிரக்கணக்கான சிம்களை இயக்கினார் என்பது போலீஸ் சொன்ன குற்றச்சாட்டு. அடுத்த சில ஆண்டுகளில் அதே வித்தை வங்கிக் கணக்குகள் பக்கம் திரும்பியது. 2023இல் கல்கத்தாவில், வீடோ நிலமோ பதிவு செய்திருந்த பலர் தங்கள் கணக்கிலிருந்து பணம் போயிருப்பதாகப் புகாரோடு வந்தார்கள். அவர்கள் யாருக்கும் ஓடிபி சொல்லவில்லை, எந்த லிங்கையும் தொடவில்லை. தங்கள் கணக்கில் இப்படி ஒரு வழி திறந்திருக்கிறது என்பதே பலருக்கு அப்போதுதான் தெரிந்தது. விரல் ரேகையை உலகுக்குக் கொடுத்த அதே வங்காளத்தில் விரல் திருடு போனது.

பாஸ்வேர்டு திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். கட்டைவிரலை மாற்ற முடியாது. 57 ஆண்டுகள் மாறவில்லை என்று ஹெர்ஷல் பெருமையோடு காட்டிய குணம் இப்போது ஆபத்தாகிவிட்டது. ஏமாந்தவர்களின் கவனக்குறைவைக் குற்றம் சொல்வதும் இங்கே பொருந்தாது. சட்டம் கேட்டது, விரலை வைத்தார்கள். அந்தத் தாளைத் திறந்து போட்டது அலுவலகம். இணையத்தில் காட்டும் நகல்களில் ரேகையை மறைக்க வேண்டியது அலுவலகங்களின் கடமை. ஆதார் ஆணையம் 2023 பிப்ரவரியில், வைக்கப்படுவது உயிருள்ள விரல்தானா என்று கூடுதலாகச் சோதிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அது நல்ல காரியம். ஆனாலும் போலி செய்பவர்களும் சும்மா இருக்கப்போவதில்லை.

தனி மனிதர் செய்யக்கூடியவை சில உண்டு. முக்கியமானது பயோமெட்ரிக் பூட்டு. ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இணையதளத்திலோ இதைப் போட்டுவிட்டால், விரல், கருவிழி, முகம் மூன்றுமே எங்கும் செல்லாது. ரேஷன் கடையிலோ சிம் வாங்கவோ தேவைப்படும்போது கொஞ்ச நேரம் திறந்துகொள்ளலாம். இதற்கு ஆதாரில் சொந்தக் கைப்பேசி எண் பதிவாகியிருக்க வேண்டும். நகல் கேட்கும் இடங்களில், கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்பு ஆதாரைக் கொடுக்கலாம். ஸ்மார்ட்போன் இல்லாத, விரல் வைத்துத்தான் பணம் எடுக்கிற பாட்டிக்கு இந்தப் பூட்டு அவ்வளவாக உதவாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்த முறையை நம்பியிருப்பவர்களே அதன் ஓட்டைக்கு அதிகம் அகப்படுபவர்களும். அந்தப் பாட்டிக்கு வேண்டியது, பணம் எடுத்ததும் ரசீது கேட்டு வாங்கும் பழக்கமும், பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பதிந்து யாரிடமாவது படித்துக் காட்டச் சொல்வதும்.

பணம் போனது தெரிந்தால் 1930க்கு உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்திவைக்க முடிகிறதா என்று பார்ப்பதற்கான எண் அது. கூடவே வங்கிக்கும் எழுத்தில் தெரிவித்து, தேதி போட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ள வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தவறு வாடிக்கையாளருடையதும் அல்ல, வங்கியினுடையதும் அல்ல என்ற நிலையில், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் வாடிக்கையாளருக்கு நஷ்டம் இல்லை என்று விதிக்கப்பட்டது. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் பொறுப்பு ஒரு வரம்புக்குள் நின்றது. வாடிக்கையாளர்மேல்தான் தவறு என்றால், அதை நிரூபிக்க வேண்டியது வங்கி. ‘உங்கள் விரல்தானே வைக்கப்பட்டிருக்கிறது’ என்று கவுன்டரில் யாராவது கேட்டால், ரிசர்வ் வங்கியின் நடப்பு விதியின் நகலை நீட்டலாம்.