மரம் அறுத்த கைகள்

ஆழ்வார்குறிச்சியிலிருந்து மேற்கே நோக்கினால் மலைத்தொடர் நம் கண்ணை நிறைக்கிறது. அடிவாரத்து ஊர்களின் பழைய வீடுகளில் உள்ள உத்தரங்களையும் கதவு நிலைகளையும் கண்டு வியக்கிறோம். கட்டுவித்தவர் பெயரை ஊர் சொல்லும். மரத்தை அறுத்தவர் பெயரை எவரும் சொல்வதில்லை.

இயந்திரம் வருமுன் மரம் அறுக்கப்பட்ட முறையை இளைஞர் அறிதல் வேண்டும். ஆழக் குழி வெட்டி அதன்மேல் மரத்தைக் கிடத்துவர். ஒருவர் மரத்தின்மேல் நிற்க, மற்றொருவர் குழிக்குள் நின்று நீண்ட ரம்பத்தைக் கீழே இழுப்பார். மரத்தூள் முழுவதும் குழியில் நின்றவரின் கண்ணிலும் மூச்சிலும் விழும். கை இழுத்த ரம்பத்தின் தடம் பலகையில் ஒழுங்கற்ற இடைவெளியுள்ள நேர்கோடுகளாய் நிற்கும். இயந்திர வட்ட ரம்பமோ வில்போன்ற கோடுகளை விட்டுச் செல்லும். பலகையின் காலத்தை மதிப்பிட இத்தடங்கள் உதவுகின்றன.

இயந்திர ஆலை வந்தபின்னும் உழைத்தவர் நிலை மாறவில்லை. அந்தமானின் சாத்தம் தீவில் 1883ஆம் ஆண்டு மர ஆலை தொடங்கப்பெற்றது. படாக், குர்ஜன் முதலிய காட்டு மரங்கள் அங்கே அறுக்கப்பட்டன. 1858இல் தண்டனைக் குடியேற்றமான அத்தீவுகளில் தொடக்கத்தில் காடு வெட்டியவர்கள் கைதிகள். 1918 முதல் சோட்டா நாகபுரிப் பழங்குடி மக்கள் காட்டு வேலைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். அவர்கள் அனைவருக்கும் ‘ராஞ்சி’ என்ற ஊர்ப்பெயரே பொதுப்பெயராயிற்று. 1942இல் ஜப்பானியக் குண்டுவீச்சில் ஆலை சிதைந்தது. போர் முடிந்தபின், 1946இல், மீண்டும் இயங்கியது. குண்டு விழுந்த பள்ளம் காக்கப்பட்டுள்ளது. உழைத்தவர் பெயர்களுக்கு அந்தப் பேறு கிட்டவில்லை.

பழைய மரவேலைகளைச் சீரமைப்பதற்கு நெறிமுறைகள் உண்டு. நினைவுச்சின்னங்களுக்கான பன்னாட்டு அமைப்பான இக்கோமாஸ் அவற்றை 1999இல் வகுத்தது. பழுதான மரம் எவ்வினமோ, இயன்றவரை அவ்வின மரத்தையே இடவேண்டும். ஈரப்பதமும் பழைய மரத்திற்கு ஒத்திருத்தல் வேண்டும். பச்சை மரத்தை இட்டால் அது உலர்ந்து சுருங்கும்; மூட்டுகள் விலகும். மேலும், புதிதாய் இட்ட துண்டில் கண்ணை உறுத்தாதவாறு அடையாளம் பொறித்தல் வேண்டும். பழைமையைக் காப்பவன் புதியதைப் பழையதென்று பொய் சொல்லலாகாது என்பதே இதன் பொருள்.

அன்பார்ந்த இளைஞர்களே! மரத்துண்டுக்கே இத்துணை நேர்மை வேண்டுமெனில், மனிதர் வரலாற்றுக்கு எவ்வளவு வேண்டும்? நம் முன்னோர் வெட்டிய வாய்க்கால், சுமந்த கல், அறுத்த மரம் ஆகியவை இன்னும் நிற்கின்றன. நம் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வாண்டில், ஒவ்வொருவரும் தம் வீட்டுப் பெரியவரிடம் அமர்ந்து, அவர் செய்த தொழிலையும் உடன் உழைத்தவர் பெயர்களையும் கேட்டு ஏட்டில் எழுதுவோம். கேட்டதைக் கேட்டவாறே எழுதுவோம். இல்லாத பெருமையைச் சேர்க்க வேண்டா. குழிக்குள் நின்றவரின் பெயரும் வரலாற்றில் ஏறட்டும்.