குடி: பத்திரத்தில் ஏறாத நடுப்பெயர்

மெக்சிக்கோ ஓவியர் ஃப்ரிடா காலோவை உலகம் இரண்டே சொல்லில் அழைக்கிறது. அவருடைய முழுப்பெயர் மக்தலேனா கார்மென் ஃப்ரிடா காலோ இ கால்டெரோன். நாம் அறிந்த ஃப்ரிடா, வைத்த பெயர்களில் மூன்றாவது. காலோ என்பது தகப்பன் கில்லெர்மோவின் குடும்பப் பெயர். கால்டெரோன் தாய் மத்தில்டேயுடையது. நடுவில் நிற்கும் ‘இ’ ஸ்பானிய மொழியின் ‘உம்’. காலோவும் கால்டெரோனும் என்று தாயும் தகப்பனும் பிள்ளையின் பெயரில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறார்கள்.

ரொறன்ரோவிலோ லண்டனிலோ பிள்ளை பிறந்ததும் நிரப்பும் படிவங்களில் முதற்பெயருக்கும் குடும்பப் பெயருக்கும் இடையில் நடுப்பெயர் என்று ஒன்று வரும். மட்டக்களப்பு வாவிக்கரையிலிருந்து போய்க் குடியேறியவர்களுக்கு அந்த இடத்தில் எதை எழுதுவதென்பது தீராத யோசனை. சிலர் தகப்பன் பெயரைப் போடுவர், சிலர் சாமி பெயரை. மருமகள் மெக்சிக்கோக்காரியாக இருந்தால், அல்லது அந்தப் பெயர்களின் ஓசை பிடித்துப்போனால், மெக்சிக்கோப் பெயர் ஒன்றை வைக்கலாமா என்ற பேச்சும் வரும். வைக்கலாம், நல்ல பெயர்கள் நிறைய உண்டு. சிட்லாலி என்றால் நாவாட்டில் மொழியில் விண்மீன், சோச்சில் என்றால் பூ. ஆனால் ஆங்கிலப் படிவம் கேட்கிற பொருளில் நடுப்பெயர் என்று ஒன்று மெக்சிக்கோவில் இல்லை. நடிகர் கயேல் கார்சியா பெர்னாலின் பெயரைப் பார்த்து கார்சியாவை நடுப்பெயர் என்று ஆங்கில எழுதுவினைஞர் எடுத்துக்கொள்ளக் கூடும். உண்மையில் அதுதான் தகப்பன் வழி வந்த முதற் குடும்பப் பெயர். கடைசியில் நிற்கும் பெர்னால் தாய் வழி வந்தது.

நடுப்பெயருக்கு மிக அருகில் வருவது இரண்டாவதாக வைக்கும் சொந்தப் பெயர். அதில் ஆண், பெண் என்ற வேலிகூட உறுதியாக இல்லை. விடுதலைப் போரை நடத்திய பாதிரியார் மொரேலோஸின் பெயர் ஹொசே மரியா. எலும்புக்கூட்டுச் சித்திரங்களால் புகழ்பெற்ற போசாதாவின் பெயர் ஹொசே குவாதலூப்பே. நாட்டின் காவல் அன்னையின் பெயர் ஓர் ஆணுக்கு இரண்டாம் பெயராக நிற்கிறது. ஹொசேயும் மரியாவும் அங்கே எவ்வளவு மலிவு என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறது. மெக்சிக்கோவில் ஒவ்வொருவருக்கும் 18 எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறியீடு உண்டு. சொந்தப் பெயரின் முதலெழுத்து அதில் வர வேண்டும். முதற்பெயர் ஹொசே அல்லது மரியா என்றிருந்தால் அதை விட்டுவிட்டு இரண்டாம் பெயரின் எழுத்தை எடுப்பார்கள். அதே குறியீட்டில் தாயின் குடும்பப் பெயருக்கும் ஓர் எழுத்து உண்டு. அந்தப் பெயர் இல்லாதவருக்கு அங்கே ஒரு எக்ஸ் விழும். தாயின் இடம் காலியாக இருந்தால் காலி என்று தெரிய வேண்டும் என்பது ஏற்பாடு.

இங்கேதான் எனக்கு மட்டக்களப்பு நினைவுக்கு வருகிறது. தாய் வழியில் ஒரு பெயர் பிள்ளைக்கு வந்து சேர்வது அந்த வாவியின் இரு கரைக்கும், எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும், பழக்கமான சங்கதி. அதன் பெயர் குடி.

‘நீங்க என்ன குடி?’ என்று அங்கே கேட்டால் வெளியூர்க்காரர் கொஞ்சம் திடுக்கிடுவார். கள்ளையோ சாராயத்தையோ பற்றிய கேள்வி அல்ல அது. பதிலாக உலகிப்போடிகுடி, பணிக்கனாகுடி, பெத்தான்குடி, காலிங்காகுடி என்று ஏதாவது வரும். முக்குவர் என்ற சாதியாருக்கு ஏழு குடி என்பது வழக்கு. வேளாளருக்கும் ஏனையோருக்கும் தனித்தனிக் குடிகள் உண்டு. முஸ்லிம் ஊர்களிலும் குடி உண்டு. தமிழ் ஊரில் கேட்ட அதே குடிப்பெயரை அடுத்த முஸ்லிம் ஊரிலும் கேட்கலாம். பிள்ளை எப்போதும் தாயின் குடி. தகப்பனும் அவர் பெற்ற பிள்ளையும் வெவ்வேறு குடி. ஒரே குடிக்குள் கலியாணம் இல்லை, ஏனென்றால் அவர்கள் சகோதரம். மாமியின், அதாவது தகப்பனின் சகோதரியின் மகள் தகப்பன் குடிக்காரி, ஆகவே மச்சாள், தாராளமாகக் கட்டலாம்.

குடி என்ற சொல் பழையது. மலையாளத்தில் அது வீடு. கன்னடத்திலும் தெலுங்கிலும் குடி (‘கு’வை அழுத்திச் சொல்வார்கள்) என்றால் கோயில். குடிலும் குடிசையும் இதன் கிளைகள். தமிழில் வீடு, வீட்டிலிருக்கும் குடும்பம், அந்தக் குடும்பத்தின் வழி, பல குடும்பம் கூடிய ஊர், அந்த ஊரை ஆளும் அரசனுக்கு வரி கட்டும் மக்கள் என்று பொருள் வட்டம் வட்டமாக விரிந்தது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு துடியன், பாணன், பறையன், கடம்பன் என்று நான்கு குடிகளைச் சொல்கிறது. அதைப் பாடிய மாங்குடி கிழாருக்கோ ஊர்ப்பெயரிலேயே குடி ஒட்டியிருக்கிறது. திருக்குறளில் குடிமை ஓர் அதிகாரம், குடிசெயல்வகை இன்னோர் அதிகாரம். இரண்டிலும் குடி என்றால் பிறந்த குலம். வாவிக்கரையில் ஊர்ப்பொருளும் உயிரோடிருக்கிறது. களுவாஞ்சிகுடி, காத்தான்குடி. காத்தான் என்பவன் வந்து குடியிருந்த இடம் என்பது ஊர்க்கதை.

ஆனால் அந்த முதற்பொருள், வீடு, மட்டக்களப்பில் வெறும் அகராதிச் செய்தி அல்ல. மகளுக்குக் கலியாணமென்றால் வீட்டைச் சீதனமாகக் கொடுப்பது அங்கே முறை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். தாய் தகப்பன், அடுத்த மகளுக்கென்று பக்கத்து வளவில் இன்னொரு வீடு கட்டிப் போய்விடுவார்கள். இப்படி வீடு தாயிடமிருந்து மகளுக்கும் மகளிடமிருந்து பேத்திக்கும் போகிறது. ஆண்கள் வந்து போகிறவர்கள். வீடு பெண்ணோடு போகிற ஊரில், வீடு என்று பொருள்படும் சொல்லும் பெண்ணோடுதான் போகும். இந்தச் சொல்லுக்கு இதைவிட நேரான வாழ்க்கை தமிழ் வழங்கும் வேறு எந்தப் பக்கத்திலும் அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

சொத்திலும் ஒரு காலத்தில் இதே வழிதான். முக்குவர் வழக்கில் பரம்பரையாக வந்த முதுசொம், ஆணின் பிள்ளைகளுக்குப் போகாமல் அவன் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போனது. கிறிஸ்தோபர் பிரிட்டோ என்பவர் அந்த விதிகளைத் தொகுத்து அச்சிட்ட ஆண்டு 1876. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமே அந்த வழக்கின் கதையையும் முடித்துவைத்தது. சொத்து கைவிட்டுப் போனாலும் குடி போகவில்லை. கலியாணப் பேச்சிலும் கோயிலிலும் அது தங்கிக்கொண்டது. கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் போன்ற பெருங்கோயில்களில் குடிகளுக்கென்று உரிமைகள் உண்டு; வண்ணக்கர் என்ற கோயில் நிர்வாகப் பதவி குடிக்குரியது. பள்ளிவாசல்களில் குடிக்கொரு மரைக்காயர் என்ற ஏற்பாடு இருந்தது. எப்.எக்ஸ்.சீ. நடராசா 1962இல் பதிப்பித்த ‘மட்டக்களப்பு மான்மியம்’ குடிகளுக்கு நிறைய இடம் கொடுக்கிறது. அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே பல ஆண்டுகள் அக்கரைப்பற்றுப் பக்கத்தில் தங்கி ஆராய்ந்து 2008இல் வெளியிட்ட பெரிய நூலிலும் குடிதான் முதுகெலும்பு.

இவ்வளவு இருந்தும் குடி பெயரில் ஏறவில்லை. காரைதீவில் 1892இல் சாமித்தம்பிக்கும் கண்ணம்மைக்கும் பிறந்த மயில்வாகனனை எடுத்துக்கொள்ளுங்கள். துறவு பூண்ட பிறகு அவரை உலகம் விபுலானந்தர் என்று அறிந்தது. அதற்கு முன் அவர் பெயருக்கு முன்னால் நின்ற எழுத்து சாமித்தம்பியுடையது. கண்ணம்மைக்கு ஓரெழுத்தும் இல்லை, அவர் குடிக்கும் இல்லை. தாய்வழி எண்ணுகிற எல்லா ஊர்களும் அப்படி விடவில்லை. கேரளத்தில் மருமக்கத்தாயக் குடும்பங்கள் தாய்வீட்டுப் பெயரை முதலெழுத்தாகவே வைத்துக்கொண்டன. வி.கே. கிருஷ்ண மேனனின் ‘வி’ வெங்காலில், அவர் தாயின் தறவாடு. எம்.டி. வாசுதேவன் நாயரின் இரண்டெழுத்தும் மாடத்து தெக்கேப்பாட்டு என்ற தாய்வீடுதான். தறவாடும் வீடு, குடியும் வீடு. ஒன்று பெயரில் ஏறியது, மற்றது ஏறவில்லை.

ஏறாததற்குப் பதிவேடு ஒரு காரணம். இலங்கைப் பதிவாளரின் புத்தகம் பிள்ளையின் தகப்பன் யார் என்று கேட்டது, பாட்டன் யார் என்று கேட்டது, பூட்டன் எங்கே பிறந்தான் என்றுகூடக் கேட்டது. அம்மம்மாவைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டம் அந்தக் கேள்விகளுக்குப் பலம் சேர்த்தது. வழிவழி உரிமைக்குத் தகப்பன் இலங்கையில் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். அந்தச் சட்டத்தைப் பிரசாவுரிமைச் சட்டம் என்றும் சொல்வோம், குடியுரிமைச் சட்டம் என்றும் சொல்வோம். குடி தாயால் வருகிறது என்று எல்லோரும் அறிந்த மட்டக்களப்பில், வழிவழிக் குடியுரிமை தகப்பனால் வந்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, 2003இன் திருத்தத்தில்தான், தாயாலும் வரலாம் என்றானது.

இன்னொரு காரணம் அவ்வளவு வசதியாகப் பேசக்கூடியதல்ல. குடியைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும். இன்ன குடி இன்ன சாதிக்குரியது என்பது ஊரில் எல்லோருக்கும் மனப்பாடம். சாதிக்குள்ளேயும் இந்தக் குடி உயர்வு, அந்தக் குடிக்குக் கோயில் மரியாதையான காளாஞ்சி பிறகு என்ற வரிசை உண்டு. கோயில் வரிசை பற்றிய தகராறுகள் வழக்குமன்றம் வரை போனதுண்டு. ஆகவே குடிப்பெயரைப் பிள்ளையின் நடுப்பெயராக வைத்துவிடலாமே, மெக்சிக்கோக்காரரைப்போல் தாயையும் பெயரில் ஏற்றலாமே என்று வெளிநாட்டில் யாராவது ஆசைப்பட்டால் நான் வேண்டாம் என்பேன். அந்தப் பிள்ளை ஒரு கோயில் வரிசையையும் சேர்த்தல்லவா சுமக்கும்.

மெக்சிக்கோவின் வழக்கத்தையும் அளவுக்கு மீறிப் புகழ வேண்டியதில்லை. அங்கே தாய் கொடுக்கும் பெயர் அவளுடைய தகப்பனின் பெயர். ஃப்ரிடாவின் தாய் கால்டெரோன் இ கொன்சாலேஸ். அந்தக் கொன்சாலேஸ், அம்மம்மா கொண்டுவந்த பெயர், ஃப்ரிடாவுக்கு வரவே இல்லை. ஒரு தலைமுறை தாண்டினால் பெண் வழி அறுந்துவிடும். முன்னால் வருவது தகப்பன் பெயர்தான் என்ற விதியும் நெடுங்காலம் நின்றது. இரண்டு பெண்பிள்ளைகளுக்குத் தாயின் குடும்பப் பெயரை முதலில் வைக்க விரும்பிய ஒரு தம்பதியின் வழக்கில், 2016இல்தான் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதி சமத்துவத்துக்கு எதிரானது என்று தீர்த்தது.

மட்டக்களப்புக் குடியில் பெண் வழி அறுவதில்லை. அம்மம்மாவின் அம்மம்மா என்ன குடியோ அதே குடிதான் இன்று பிறந்த பிள்ளையும். ஆனால் பெயர்களைக் கவனியுங்கள்: உலகிப்போடி ஆண், பணிக்கன் ஆண், பெத்தான் ஆண். பெண்கள் பெற்றுப் பெருக்கி வழிவழியாகக் காத்து வந்த குடிகளுக்கு, அறிந்த வரையில், ஆண் பெயர்களே பெரும்பாலும் தலைப்பாக நிற்கின்றன. போடி என்பதோ காணி பூமி உள்ள பெரியவர்களின் பட்டம்.

எனவே படிவத்தில் நடுப்பெயரை என்ன செய்வதென்று யோசிப்பவர்களுக்கு என் யோசனை இது. மெக்சிக்கோப் பெயர் பிடித்திருந்தால் அதை முதற்பெயராகவே வையுங்கள். சிட்லாலி என்று கூப்பிட நாக்குக்குச் சிரமமில்லை. நடுவில் பிள்ளையின் அம்மம்மாவின் சொந்தப் பெயரை எழுதுங்கள், கண்ணம்மையோ, தங்கம்மாவோ, பாத்திமாவோ. அவர் உயிரோடிருந்தால் அவருடைய அம்மாவின் பெயரையும், அந்த அம்மாவுக்கு அம்மாவின் பெயரையும் இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். குடிப்பெயர் ஊரில் எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெண்களின் பெயர்கள் எந்தப் பதிவேட்டிலும் வரிசையாகக் கிடையாது.