கண்ணாடி மனையும் பால்மரமும்

பருவமாற்றம் அறியாத சிங்கப்பூரில், 2012ஆம் ஆண்டு மரினா விரிகுடாவில் திறக்கப்பட்ட மலர்க் குவிமாடம் இளவேனிலைக் குளிரூட்டிக் காட்டுகிறது. குளிர்நாட்டார் செய்ததோ இதற்கு நேர்மாறு. பனிக்காலத்திலேயே வரப்போகும் வேனிலுக்குத் திட்டமிட்டு, கண்ணாடி மனையில் வெப்பமூட்டி விதைகளை முளைக்கவைப்பது அவர்தம் வழக்கம். நம் முன்னோர் பலரைக் கடல் கடத்திய மரமும் அத்தகைய மனையொன்றில்தான் கண்விழித்தது.

1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து கொணர்ந்த ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகள் இலண்டனை அடுத்த கியூ தோட்டத்துக் கண்ணாடி மனைகளில் ஊன்றப்பட்டன. முளைத்தவை மூவாயிரத்திற்கும் குறைவே! அவற்றுட் பெரும்பாலானவை கண்ணாடிப் பெட்டிகளில் இலங்கைக்குக் கப்பலேறின. மறு ஆண்டு சிங்கப்பூர் வந்து சேர்ந்தவை 22 கன்றுகள்.

நம்மவர் ‘பூமலை’ என வழங்கும் தாவரவியல் தோட்டத்தில் 1888இல் பொறுப்பேற்ற ரிட்லி, மரம் பட்டுப்போகாவண்ணம் பால்வெட்டும் முறையைக் கண்டறிந்தார். ரப்பர் நடுமாறு காண்போரையெல்லாம் வற்புறுத்திய அவரைப் ‘பித்தர்’ என்று நகைத்தனர். 1896இல் மலாக்காவில் தான் சே யான் துணிந்து நட்டார், மோட்டார் வண்டிகளும் பெருகின, நகைப்பு அடங்கிற்று.

பால்வெட்டக் கைகள் வேண்டியிருந்தன. கங்காணிமார் தமிழ்நாட்டுச் சிற்றூர்களுக்குச் சென்று ஆள் திரட்டினர். ரிட்லியைப் பற்றி எழுதப்பட்ட அளவு, இருள் பிரியுமுன் எழுந்து மரந்தோறும் கத்தியிட்ட அம்மக்களைப் பற்றி நாம் எழுதினோமில்லை. மிளகும் காம்பியரும் விளைந்த எங்கள் சுவா சூ காங் மண்ணிலும், அவை ஓய்ந்தபின் பால்மரங்கள் நிரை நிரையாய் நின்றன.