சுற்றுப்படமும் பலகைப்படமும்

மின்பொறியியலாளர் ஒரே பொருளை இருமுறை வரைகின்றார். அப்பொருள் என்ன செய்கின்றது என்பதை ஒருமுறை. அது எங்கே இருக்கின்றது என்பதை மற்றொருமுறை. முன்னையது சுற்றுப்படம், பின்னையது பலகைப்படம். ஒரே கருவிக்கு ஏன் இரண்டு படங்கள், அவற்றை ஒன்றோடொன்று பிணைத்துவைக்க மனிதர் ஏன் இத்துணை பாடுபட்டனர் என்பது தொழிற்கூடத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாத வரலாறு. ஆயினும் மின்தூக்கியில் ஏறுபவரும் புகையிரதத்திற் செல்பவரும் அவ்விரு படங்களும் ஒத்திருக்கின்றன என்ற நம்பிக்கையிலேயே தம் உயிரை ஒப்படைக்கின்றனர்.

மாடிக்கட்டடம் ஒன்றின் மின்தூக்கியை எடுத்துக்கொள்ளலாம். கதவு மூடியதும் இயங்கும் றிலே ஒன்று அதில் உண்டு. றிலே என்பது எளிய கருவியே. கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் சுருள் காந்தமாகி ஓர் இரும்புத் துண்டை இழுக்கும். அவ்விழுப்பினால் பல தொடுகைகள் ஒருங்கே மூடும் அல்லது திறக்கும். ஒரு தொடுகை மோட்டாரை ஓடவிடும். ஒன்று விளக்கை எரிக்கும். மற்றொன்று கதவைத் திறவாதபடி காக்கும். பலகையிலே இது உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரே பெட்டி. சுற்றுப்படத்திலோ சுருள் ஒரு தாளிலும், தொடுகைகள் மூன்றும் வெவ்வேறு தாள்களிலும் சிதறிக் கிடக்கும்.

இவ்வாறு ஒரு பொருளைத் துண்டாடி வரைவது ஆதியில் வழக்கமன்று. கருவி எவ்வாறு இருந்ததோ அவ்வாறே படமும் இருந்தது. நான்கைந்து கருவிகள் உள்ளவரை அதனால் இடரில்லை. தானியங்கித் தொலைபேசி நிலையம் வந்தபோதுதான் அம்முறை முறிந்தது. அமெரிக்காவின் கன்சாஸ் நகரில் பிரேத அடக்கத் தொழில் நடத்திய ஸ்ட்ரோஜர் என்பவர் 1891ஆம் ஆண்டில் தானியங்கி இணைப்புக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். (தொலைபேசி வரலாற்றின் பெரும் மாற்றம் ஒன்று பொறியியலாளரல்லாத ஒருவரிடமிருந்து வந்தது என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.) பிரித்தானியாவின் முதலாவது பொதுத் தானியங்கி நிலையம் 1912இல் எப்சம் என்ற ஊரில் திறக்கப்பட்டது. அத்தகைய நிலையங்களில் றிலேக்கள் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் அடுக்கப்பட்டன. உள்ளது உள்ளபடி வரைந்தால் தாள் முழுவதும் கோடுகள் பின்னிய சிலந்திவலையாகும்; எக்கோடு எங்கே செல்கின்றது என்பதை எக்கண்ணாலும் தொடரமுடியாது.

ஆகவே பிரித்தானிய அஞ்சல் திணைக்களத்துப் பொறியியலாளர் றிலேயைத் துணிந்து பிரித்தெழுதினர். சுருளைச் சுற்றின் போக்கில் அது வரவேண்டிய இடத்திலும், தொடுகை ஒவ்வொன்றையும் அது வேலைசெய்யும் இடத்திலும் வரைந்தனர். அப்போது மின்னோட்டத்தின் கதை வாக்கியம்போல் வாசிக்கத்தக்கதாயிற்று. ஆனால் பிரித்த உறுப்புகளை மீண்டும் சேர்ப்பது எவ்வாறு? அதற்கு அவர்கள் கண்ட உபாயம் மிகச் சிறியது, மிகக் கூரியது. சுருளுக்கு ஏ என்ற எழுத்தைச் சூட்டி, அதன்கீழே கோடிட்டு, பின்னக் கணக்குப்போல் 3 என்று எழுதினர். தொடுகைகளுக்கு ஏ1, ஏ2, ஏ3 என்று பெயரிட்டனர். எழுத்து உறவைக் காட்டிற்று. எண்ணோ அதனினும் பெரிய உதவி செய்தது. தேடுபவர் எப்போது நிறுத்தலாம் என்பதை அது சொன்னது. மூன்று தொடுகைகளைக் கண்டாயிற்றா? தேடல் முடிந்தது. இரண்டுதான் அகப்பட்டனவா? இன்னும் ஒன்று எங்கோ இருக்கின்றது.

இப்பிரிவினால் வந்த நன்மைக்கு அளவில்லை. 1937ஆம் ஆண்டில் மாசசூசெற்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் கிளோட் ஷனன் என்ற இளைஞர், ஆளிகளும் றிலேக்களும் சேர்ந்த சுற்றுகளைத் தருக்கக் குறிக்கணிதத்தால் எழுதிக் கணக்கிடலாம் என்று தம் முதுமாணி ஆய்வேட்டில் நிறுவினார். இன்றைய கணினியின் அடித்தளங்களுள் அது ஒன்று. அக்கணிதத்தில் இடத்துக்கு இடமேயில்லை. தொடுகை இரும்புச் சட்டத்தின் மேற்றட்டில் இருந்தாலென்ன, கீழ்த்தட்டில் இருந்தாலென்ன, கணக்கு ஒன்றே. ஏறத்தாழ அதே காலத்தில், இலண்டன் நிலக்கீழ்ப் புகையிரதத்தின் சமிக்ஞை அலுவலகத்தில் படவரைஞராக இருந்த ஹரி பெக், ஊரின் தூரங்களையும் வளைவுகளையும் விட்டுவிட்டு நிலையங்களின் ஒழுங்கை மட்டும் நேர்கோடுகளால் வரைந்தார். 1933இல் வெளிவந்த அப்படத்தைப் பயணிகள் உடனே விரும்பினர். எந்த இரயிலில் ஏறி எங்கே மாறுவது என்பதற்கு அது போதும். நிலத்தைத் தோண்டிக் குழாய் பதிப்பவருக்கு அது உதவாது. சுற்றுப்படமும் அத்தகையதே. பலகையின் முன் நின்று எந்தத் திருகாணியைத் தளர்த்துவது என்று கேட்கும் தொழிலாளிக்கு அது விடை கூறுவதில்லை.

விடை கூறுவதற்கெனப் பலகைப்படம் தனியே வரையப்பட்டது; கம்பிப்பட்டியல் தனியே எழுதப்பட்டது. ஒரு கருவியின் பெயரை மாற்றினால் மூன்று இடங்களில் அழித்தெழுதவேண்டும். அழித்தெழுதுபவரும் மனிதர்தாமே! ஒன்றை மறந்தார், மறந்தது பலகையிலே பிழையாக நின்றது.

மூன்றையும் ஒரே மூலத்திலிருந்து பெறலாம் என்பதை நடைமுறையிற் காட்டியவர்களுள் முன்னிற்பவர் கணினி செய்தவர்களே. 1950களின் பிற்பகுதியில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணினிகளின் தருக்கப்படங்களைக் கணினியைக் கொண்டே அச்சிடலாயிற்று. அப்படங்களில் அழகில்லை, அச்சுப்பொறியின் எழுத்துகளாலும் புள்ளிகளாலும் ஆன கட்டங்கள் அவை. ஆனால் ஒவ்வொரு கட்டத்துள்ளும் அவ்வுறுப்பு செய்யும் தொழிலோடு, அது எவ்வகை மின்னட்டையில் உள்ளது, அவ்வட்டை பொறியின் எச்சட்டத்தில் எவ்வரிசையில் எத்தனையாம் இடத்திற் செருகப்பட்டுள்ளது, எந்த ஊசிமுனையில் இணைகின்றது என்பனவும் அச்சாகியிருந்தன. தொழிலும் இடமும் ஒரே கட்டத்துள் குடியேறின. 1959இல் அறிவிக்கப்பட்ட 1401 என்ற கணினியைப் பழுதுபார்க்கச் சென்றவர் இத்தகைய தாள்களைக் கையில் ஏந்தியே சென்றார். சேமித்த அப்பதிவிலிருந்தே கம்பிப்பட்டியலும் பிறந்தது. துளையட்டையை வாசித்துத் தானே கம்பி சுற்றும் பொறிகளும் அக்காலத்தில் வந்துவிட்டன.

அடுத்த படி 1963இல் எடுக்கப்பட்டது. ஐவன் சதர்லாந்து, மாசசூசெற்ஸிலேயே, ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெச்பாட் என்னும் ஆய்வேட்டை அளித்தார். அதில் ஒரு குறியீடு மூலமாக ஒருமுறை வரையப்படும். படத்தில் வேண்டுமிடமெல்லாம் அதன் பிரதிகள் நிற்கும். மூலத்தைத் திருத்தினால் பிரதிகள் யாவும் திருந்தும். காகிதத்தில் என்றும் இயலாத செயல் இது. வரைந்த கோடு வெறுங் கோடாக இராமல், தான் இன்னதன் பிரதி என்று அறிந்த பொருளாயிற்று.

பெயரிடும் முறையிலும் நாடுகள் ஒருமைப்பட வேண்டியிருந்தது. 1906இல் நிறுவப்பட்டு, கெல்வின் பிரபுவை முதற்றலைவராகக் கொண்ட சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம், 1983இல் வெளியிட்ட நியமத்திலும் பின் 1996, 2009 ஆகிய ஆண்டுகளில் வந்த அதன் வழிநூல்களிலும் மூன்று குறிகளை நிலைநாட்டிற்று. சமக்குறி தொழிலைச் சுட்டும். கூட்டற்குறி இடத்தைச் சுட்டும். கழித்தற்குறி பொருளைச் சுட்டும். பள்ளிப் பிள்ளையும் அறிந்த மூன்று குறிகள், ‘எதற்காக, எங்கே, எது’ என்ற மூன்று வினாக்களுக்கு விடையாயின.

1980களில் மேசைக்கணினி மலிந்ததும் இவ்வறிவெல்லாம் மென்பொருளாக உருக்கொண்டது. 1982இல் ஓட்டோகாட் வந்தது. 1984இல் ஜெர்மனியில் இ-பிளான் தோன்றியது. மின்வேலைக்கெனத் தனியே ஓட்டோகாட் இலெக்ரிக்கலும் பிற்பட வந்தது. இவற்றின் உள்ளே நிகழ்வது பழைய அஞ்சல் திணைக்கள முறையின் வளர்ச்சியே. சுற்றுப்படத்திற் சுருள் தாயாகவும் தொடுகைகள் பிள்ளைகளாகவும் பதியப்படுகின்றன. தாய்க்கு ஒரு பெயரும், எவர் செய்த எந்த மாதிரி என்னும் பட்டியல் எண்ணும் உண்டு. அப்பட்டியல் எண்ணைக் கொண்டு மென்பொருள் ஓர் அட்டவணையைத் தேடி, பலகையில் அக்கருவி அடைத்துக்கொள்ளும் இடத்தின் உருவத்தைக் கொணர்கின்றது. அவ்வுருவம் சுற்றுப்படத்தின் பெயரையே தாங்கி நிற்கும். ஒரு படத்திற் பெயர் மாறினால் மறுபடத்தைத் திருத்தவா என்று மென்பொருள் கேட்கும். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நொடியில் தாவவும் வழியுண்டு.

இங்கே பலர் இடறுகின்றனர். அட்டவணையில் இல்லாத கருவிக்கு அவசரத்தில் நான்கு கோடுகளாற் பெட்டி வரைந்து, உள்ளே பெயரையும் எழுதிவிட்டால், கண்ணுக்கு அது மற்றவற்றைப் போலவே தோன்றும். மென்பொருளுக்கோ அது வெறும் கோடு. சுற்றுப்படம் மாறும்போது அது மாறாது. பிழை என்றும் எவரும் எச்சரிக்கப்படார். இணைப்பு இல்லாத படத்தினும் இணைப்பு இருப்பதுபோல் தோன்றும் படமே கொடியது.

பலகையும் படமும் வேறுபட்டால் என்ன நேரும் என்பதற்குச் சான்று ஒன்று உண்டு. 1988ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் திகதி, திங்கட்கிழமை, காலை எட்டு மணி கடந்த சிறிது நேரத்தில், இலண்டனின் கிளப்பம் சந்திக்கு அருகே, அலுவலகம் செல்வோர் நிறைந்த புகையிரதம் ஒன்று, முன்னே நின்ற மற்றொன்றின் பின்புறத்தில் மோதிற்று. எதிர்த்திசையில் வந்த வெறும் வண்டியொன்றும் அவ்விடிபாட்டில் மோதிற்று. 35 பேர் மாண்டனர். தண்டவாளத்தில் வண்டி நிற்கையில் சிவப்புக் காட்டவேண்டிய சமிக்ஞை அவ்வாறு காட்டவில்லை.

அன்தனி ஹிடன் தலைமையில் நடந்த விசாரணையின் அறிக்கை 1989இல் வெளிவந்தது. விபத்துக்கு இரண்டு வாரங்களுக்கு முன்னர், றிலே அறையில் பழைய கம்பிகளை நீக்கிப் புதியன இட்டனர். நீக்கவேண்டிய கம்பி ஒன்றின் ஒரு முனை றிலேயிலிருந்து கழற்றப்பட்டதேயன்றி, குறுக வெட்டப்படவுமில்லை, விலக்கிக் கட்டப்படவுமில்லை. மறுமுனை உருகியிலேயே இருந்தது. டிசம்பர் 11ஆம் திகதி அதே அறையில் நடந்த வேறொரு வேலையில் அக்கம்பி அசைந்து தன் பழைய இடத்தைத் தொட்டது. வண்டி நின்றபோதும் றிலேக்கு மின்னோட்டம் கிடைத்துக்கொண்டே இருந்தது. அவ்வேலையைச் செய்தவர் பதின்மூன்று வாரங்களில் ஒரேயொரு நாள்தான் ஓய்வு பெற்றிருந்தார் என்பதையும் விசாரணை கண்டது.

படத்தில் அக்கம்பி இல்லை. திருத்திய படம் சரியாகவே இருந்தது. எத்துணைச் சிறந்த மென்பொருளால் வரைந்திருந்தாலும் அப்படியே இருந்திருக்கும். பலகையிலே ஒரு கம்பி மிகுந்திருந்ததைக் காட்டவல்ல முறை வேறொன்று இருந்தது. கம்பியெண்ணிக்கை என்று அதற்குப் பெயர். முடிவிடம் ஒவ்வொன்றிலும் எத்தனை கம்பிகள் இருக்கவேண்டும் என்பதைப் படத்திற் பார்த்து, வேலைசெய்தவரல்லாத வேறொருவர் பலகையின் முன் நின்று ஒவ்வொன்றாக எண்ணுவது அது. புதிய கம்பியும் பழைய கம்பியும் உருகி முனையில் ஒருங்கே இருந்தன. அன்று அவற்றை எவரும் எண்ணவில்லை.